பதிவேட்டுக்கு வெளியே பெற்ற பிள்ளைகள்

நாங்கள் நடத்துகிற மாலை நேரப் பாட மையத்துக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. காலாண்டு விடுமுறை முடிந்த பிறகு ஆளைக் காணோம். பள்ளிக்கும் வருவதில்லை என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் சொன்னார்கள். தூய்மைப் பணியாளர் குடியிருப்புக்குப் போய்ப் பார்த்தோம். ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு, மறுகையில் பாடநூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூளியில் ஒன்றரை மாதத் தம்பி. "அம்மா வேலைக்குப் போயிடுச்சுக்கா. பாப்பாவ யாரு பாத்துக்குவா?" என்று எங்களையே கேட்டாள்.

அவளுடைய அம்மா ஊர் நகராட்சியில் குப்பை அள்ளுகிறவர். ஒப்பந்தத் தொழிலாளர். குழந்தை பிறந்த 42ஆம் நாள் வண்டியைத் தள்ளப் போய்விட்டார். "இன்னும் ஒரு வாரம் பாப்பேன், வரலைன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்று மேஸ்திரி சொல்லியனுப்பியிருக்கிறார். அதே நகராட்சி அலுவலகத்தின் மாடியில் இளநிலை உதவியாளராக இருக்கும் பெண் ஒருவரும் அதே மாதத்தில்தான் பிரசவித்தார். அவருக்கு 12 மாத விடுப்பு, முழுச் சம்பளத்தோடு. அவரும் நம் தெருப் பிள்ளைதான். இட ஒதுக்கீட்டில் தேர்வெழுதி வந்த, வீட்டின் முதல் பட்டதாரி. அவருக்குக் கிடைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். "அரசு ஊழியர்களுக்கு எவ்வளவு சலுகை பாருங்கள்" என்று புலம்புகிறவர்களோடு சேர்ந்து நாமும் புலம்ப வேண்டியதில்லை. அந்தப் புலம்பலைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் பல சமயம் இட ஒதுக்கீட்டின் மீதான எரிச்சல்தான் அடியில் கிடக்கும். எங்கள் கேள்வி வேறு. ஒரே கட்டடம், ஒரே முதலாளி என்று நாம் நினைக்கிற அரசு, இரண்டு பிரசவங்கள். மாடியில் 12 மாதம், கீழே 42 நாள் என்பது எப்படி வந்தது?

விடுப்பு என்ற ஏற்பாடே இந்த நாட்டு அரசுப் பணியில் ஆளைப் பார்த்துத்தான் அளக்கப்பட்டது. 1922 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள் என்ற தொகுப்புதான் இன்றும் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் விடுப்புக்கு அடித்தளம். மகப்பேறு விடுப்பு அதில் 101(ஏ) என்ற விதியில் வருகிறது. அரசுத் தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் இதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அன்றைய தொகுப்பில், ஆசியாவுக்கு வெளியே சொந்த வசிப்பிடம் உள்ள அதிகாரிகளுக்குத் தனியான, தாராளமான விடுப்பு விதிகள் இருந்தன. வெள்ளைக்கார அதிகாரி கப்பலேறிச் சீமைக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வர வேண்டுமல்லவா? விடுப்பு அன்று உரிமையாக எண்ணப்படவில்லை. யார் நீ என்பதற்கு ஏற்ப அரசு தரும் சலுகையாக இருந்தது. அலுவலகத்தைப் பெருக்கியவர்களும் மலம் அள்ளியவர்களும் அந்தத் தொகுப்பின் ஓரத்தில்கூட இல்லை.

தொழிலாளிப் பெண்களுக்கான மகப்பேற்று உரிமை வேறு வழியில் வந்தது. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது. 12 வாரம் என்றது. பிரிட்டிஷ் இந்திய அரசு அதை ஏற்கவில்லை. என்.எம்.ஜோஷி 1924இல் மத்தியச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார், அது தோற்றது. பிறகு பம்பாய் மாகாணச் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தபோதுதான் அண்ணல் அம்பேத்கர் எழுந்து பேசினார். 1928 ஜூலை 28.

அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். பம்பாய் பஞ்சாலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டு. அந்த ஆலைகளில் கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களை விடமாட்டார்கள். அறுந்த நூலை நாடாவில் கோக்கும்போது வாயால் உறிஞ்ச வேண்டும். எச்சில் பட்டால் தீட்டு. வர்க்கம் பேசிய சங்கங்களும் இதைக் கண்டுகொள்ளாமல் இருந்ததை அண்ணல் அதே ஆண்டில் கேட்டார். அப்படிப்பட்ட ஆலைப் பெண்களுக்கான மசோதாதான் அது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது, ஆகவே அந்தச் செலவில் பெரும் பங்கை அரசே சுமக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் முதல் பாதி. அதற்காக முதலாளியை விட்டுவிடவும் இல்லை. பெண்ணை வேலைக்கு வைப்பதில் ஆதாயம் இருப்பதால்தானே வைக்கிறாய், அந்த ஆதாயத்தை எடுத்துக்கொள்கிறவன் பொறுப்பையும் எடுத்துக்கொள் என்பது மறுபாதி. பிள்ளை பெறுவது பெண்ணின் சொந்த விவகாரம், அந்தக் காலத்துக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்போர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவையில் சொல்லப்பட்டுவிட்டது.

1929இல் பம்பாய்ச் சட்டம் வந்தது. 1934இல் சென்னை மாகாணத்தில் வந்தது. இரண்டுமே தொழிற்சாலைப் பெண்களுக்கானவை. தொழிற்சாலை என்றால் கூரை, இயந்திரம், வாசலில் சங்கு. தெருவில் வேலை செய்கிற பெண்ணுக்கு வாசலும் இல்லை, சங்கும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு திருத்தம். ஏப்ரல் 14 வந்தால், இந்தியாவில் மகப்பேறு விடுப்பைக் கொண்டுவந்தவரே அம்பேத்கர்தான் என்று படம் போட்டுப் பகிர்கிறோம். சுரங்கப் பெண்களுக்கான மகப்பேறு நலச் சட்டம் 1941இல் வந்தது. அண்ணல் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினரானது 1942 ஜூலையில். அவர் செய்தது 1943இலும் 1945இலும் அந்தச் சட்டத்துக்குத் திருத்தங்கள் கொண்டுவந்தது. பின்னால் 1948இல் சட்டமான தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக்கு, நாம் ஈ.எஸ்.ஐ. என்கிறோமே அதற்கு, அவருடைய துறையில்தான் அடித்தளம் போடப்பட்டது. அது போதாதா? இல்லாததைச் சேர்த்துச் சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு இருப்பதையும் மறுக்க ஆள் இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் நிலக்கரித் தட்டுப்பாடு வந்தபோது, பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்றிருந்த தடையை அரசு 1943இல் நீக்கியது. துறை அண்ணலிடம் இருந்தது. அவையில் அவரைக் கேள்விகளால் துளைத்தார்கள். நெருக்கடி காலத்துத் தற்காலிக முடிவு என்றார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமவேலைக்குச் சமகூலி என்ற கொள்கை ஒரு தொழிலில் முதல்முறையாக நிலைநாட்டப்பட்டதையும் சுட்டிக்காட்டினார். தடை 1946 பிப்ரவரியில் திரும்ப வந்தது. சுரங்கத்தில் இறங்கிய அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகளும் தலித்துகளும். அரசு நெருக்கடிக்கு உள்ளாகும்போது யாருடைய உடம்பு முதலில் செலவாகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. அண்ணலை நேசிக்கிற நாம்தான் அதையும் படிக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1961இல் நாடு முழுமைக்குமான மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 12 வாரம். ஆரம்பத்தில் 160 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது; 1989இல் அது 80 நாளாகக் குறைந்தது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் என்று பட்டியல் நீண்டது. அரசு அலுவலகப் பெண்களுக்கு அவரவர் பணி விதிகள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தில்தான் நகராட்சி, மாநகராட்சித் தினக்கூலிப் பெண்கள் கிடந்தார்கள். அரசுக்கு வேலை செய்கிறார்கள், ஆனால் அரசு ஊழியர் இல்லை. கூலி வேலை செய்கிறார்கள், ஆனால் தொழிற்சாலையில் இல்லை.

டெல்லி மாநகராட்சிப் பெண்கள் அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வந்த கதையை ஒவ்வொரு சட்டக் கல்லூரி மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு மஸ்டர் ரோல் தொழிலாளர் என்று பெயர். அன்றாட வருகைப் பதிவேட்டில் பேர் ஏறினால் கூலி, ஏறாவிட்டால் இல்லை. பள்ளம் தோண்டுவது, சாலை போடுவது, கல் மண் சுமப்பது வேலை. வயிற்றில் பிள்ளையோடும் அதே வேலை. பல ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தும் நிரந்தரம் இல்லை. நிரந்தர ஊழியப் பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு உண்டு, இவர்களுக்கு இல்லை. சங்கம் வைத்து வழக்குப் போட்டார்கள். தினக்கூலிகளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று மாநகராட்சி வாதிட்டது. 1996 ஏப்ரலில் தொழில் தீர்ப்பாயம், மூன்று ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றது. மாநகராட்சி உயர் நீதிமன்றம் போனது, தோற்றது. மேல்முறையீடு போனது, அதுவும் தள்ளுபடி. விடாமல் உச்ச நீதிமன்றம் போனது. நாட்டின் தலைநகரை ஆளும் ஓர் அமைப்பு, கூலிக்காரப் பெண்களுக்கு மூன்று மாதக் கூலி தரக் கூடாது என்பதற்காக வக்கீல்களுக்கு எவ்வளவு கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகளிர் தினம்! மாநகராட்சி அங்கும் தோற்றது. நிரந்தரமா தினக்கூலியா என்று சட்டம் பிரிக்கவில்லை என்றது நீதிமன்றம். அரசமைப்புச் சட்டத்தின் 42ஆம் உறுப்பு மகப்பேற்று உதவியை அரசின் கடமையாகச் சொல்வதையும், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையையும் எடுத்துக்காட்டியது. பள்ளத்தின் ஒரு பக்கம் இப்படி மூடப்பட்டது.

இதற்குப் பிறகான இருபது ஆண்டுகளில் பதிவேட்டுக்குள் இருந்தவர்களுக்கு உரிமைகள் வேகமாக வளர்ந்தன. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2008 செப்டம்பரிலிருந்து, மத்திய அரசுப் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பு 135 நாளிலிருந்து 180 நாளானது. கூடவே குழந்தை பராமரிப்பு விடுப்பு வந்தது: பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள், 18 வயதுக்குட்பட்ட முதல் இரண்டு பிள்ளைகளுக்காக. காய்ச்சல், தேர்வு, பள்ளிச் சேர்க்கை எதற்கும் எடுக்கலாம். ஏழாவது ஊதியக் குழு இரண்டாவது 365 நாளுக்குச் சம்பளத்தை 80 சதவீதமாக்கியது; தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் கதவைத் திறந்தது. மற்ற அப்பாக்களுக்கு 15 நாள்தான். பிள்ளை வளர்ப்பு யார் வேலை என்று அரசு நினைக்கிறது என்பதை 730ஐயும் 15ஐயும் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2017இல் மகப்பேறு நலச் சட்டமும் திருத்தப்பட்டு 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. இப்போது அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டிருக்கிறது.

தமிழ்நாடு இன்னும் தாராளம். 90 நாளாக இருந்தது 2011இல் 6 மாதம், 2016இல் 9 மாதம், 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். 2025 ஏப்ரலில், தகுதிகாண் பருவத்தில் எடுக்கும் மகப்பேறு விடுப்பும் அந்தப் பருவத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்த உடனே பிள்ளை பெற்றால் பதவி உயர்வு பின்தங்கும் என்று பயந்த நம் முதல் தலைமுறைப் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். அடுத்த மாதம் தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வழக்கில், இரண்டு குழந்தை விதியைக் காட்டி மறுக்கப்பட்ட விடுப்பை உச்ச நீதிமன்றம் பெற்றுத் தந்தது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு பிணைந்தது என்றது.

இவ்வளவும் வளர்ந்த அதே ஆண்டுகளில்தான் பதிவேடு சுருங்கியது. தோழர்களே, இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் விட்டால் வரலாற்றில் பாதிதான் கிடைக்கும். விடுப்பு மூன்று மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக நீண்டபோது, துப்புரவு வேலை நிரந்தரப் பணியிடத்திலிருந்து தினக்கூலிக்கும், தினக்கூலியிலிருந்து சுயஉதவிக் குழுவுக்கும், அங்கிருந்து ஒப்பந்த நிறுவனத்துக்கும் தள்ளப்பட்டது. ஒப்பந்தத்துக்குப் போன வேலையில் இட ஒதுக்கீடு கிடையாது என்று கவலைப்படுகிறார்கள். துடைப்பம் பிடிக்கும் வேலையில் நமக்கு எப்போதும் 'ஒதுக்கீடு' இருந்திருக்கிறது. போனது ஒதுக்கீடு அல்ல, அந்த வேலையில் இருந்த அரசு ஊழியர் என்ற தகுதி. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே 13 நாட்கள் உட்கார்ந்திருந்த ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் கேட்டதும் அந்தத் தகுதியைத்தான். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நள்ளிரவில் காவல்துறை அள்ளிக்கொண்டு போனது.

எங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். தூளி ஆட்டிய பிள்ளையின் பாட்டியும் அதே நகராட்சியில்தான் துப்புரவு வேலை செய்தார், நிரந்தரப் பணியில். 1990 வாக்கில் இந்தப் பிள்ளையின் அம்மாவைப் பெற்றபோது அவருக்கு மூன்று மாதம் சம்பளத்தோடு விடுப்பு இருந்தது. "மூணு மாசம் வீட்டுல இருந்தேன், ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துச்சு" என்று சாதாரணமாகச் சொல்கிறார். மகள் 42ஆம் நாள் வண்டி தள்ளினார். பேத்தி எட்டாம் வகுப்பில் இரண்டு மாதம் பள்ளிக்குப் போகவில்லை. அம்மாவுக்குக் கொடுக்காத விடுப்பை அக்கா எடுக்கிறாள். பள்ளி வருகைப் பதிவேட்டில் அது 'வரவில்லை' என்று மட்டும் பதிவாகிறது. இடைநிற்றல் ஏன் என்று ஆய்வு செய்கிற மாணவர்கள் இந்த அக்காக்களிடமும் ஒருமுறை கேளுங்கள்.

அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். அது இரண்டு வயதுக்கு மேல்தான் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும். தெருக் கூட்டும் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. அங்கன்வாடி திறக்கும்போது அம்மா பாதி வார்டை முடித்திருப்பார். காப்பகம் வேண்டும் என்கிற சட்டத்துக்கு வேலை செய்யும் இடம் என்றால் கட்டடம். இவருக்கு வேலை செய்யும் இடம் பதினோரு தெரு.

சட்டப்படி இவருக்கு எதுவுமே இல்லையா? உண்டு. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் கணக்கு இருந்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் முழுக் கூலி உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேற்றுப் பலன் தொடர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஒரு டாக்டரின் வழக்கில் சொல்லியிருக்கிறது. அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் இருக்கிறது. அது ஏழைத் தாய்மார்கள் எல்லோருக்குமான உதவி. ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. உதவி வேறு, வேலைக்கான விடுப்புச் சம்பளம் வேறு. "அதான் பதினெட்டாயிரம் வருதே" என்று மேஸ்திரி சொன்னால் இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அக்காவிடம் சம்பளச் சீட்டு இல்லை. கையில் இருந்தது ஓர் அடையாள அட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகமும்தான். ஈ.எஸ்.ஐ. எண் என்ன என்று கேட்டபோது, பிடிக்கிறார்கள் என்று தெரியும், எண் தெரியாது என்றார். இரண்டு முறை அலைந்து கண்டுபிடித்தோம். எண் ஒன்றல்ல, இரண்டு. நடுவில் ஒப்பந்த நிறுவனம் மாறியபோது புதிய நிறுவனம் பழைய எண்ணைக் கேட்காமல் புதிதாக ஒன்று பதிந்துவிட்டது. வேலை செய்த நாட்கள் இரண்டு எண்களிலும் பிரிந்து கிடந்தன. துடைப்பமும் வார்டும் மேஸ்திரியும் மாறவில்லை. ஆவணத்தில் மட்டும் அவர் இரண்டு பெண்களாக இருந்தார். இரண்டையும் ஒன்றாக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. உங்கள் பகுதியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் இருந்தால், கர்ப்பம் தெரிந்த மாதத்திலேயே இந்த எண்ணைக் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். எத்தனை நாள் பங்களிப்பு ஏறியிருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பிறந்த பிறகு அலைய அவர்களுக்கு நேரம் இருக்காது.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தபோது பாட்டி மூத்த மகன் வீட்டிலிருந்து இங்கே வந்துவிட்டார். முழங்கால் வலி, கீழே உட்கார்ந்தால் எழ முடியாது. அதனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூளிக் கயிற்றை இழுக்கிறார். நகராட்சி கொடுக்கும் ஓய்வூதியத்தில் பேரனுக்குப் பால் பவுடர் வாங்குகிறார். பிள்ளை மையத்துக்குத் திரும்பி வந்துவிட்டாள். விட்டுப்போன இயற்கணிதத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திக்கொண்டிருக்கிறோம்.